முதல் மாரத்தானுக்கு 18 வாரம்: புதன்கிழமையைத் தவறவிடாதீர்கள்

முதல் மாரத்தான் (42.195 கி.மீ.) ஓட நினைப்பவர்கள் உலகமெங்கும் அதிகம் எடுத்துக்கொள்கிற திட்டங்களில் ஒன்று, அமெரிக்க ஓட்டக்காரர் ஹால் ஹிக்டன் வகுத்த ‘நாவிஸ் 1’ அட்டவணை. சென்னையிலும் அதையோ, அதன் சாயலில் உள்ள ஒன்றையோ கைபேசியில் வைத்துக்கொண்டு ஓடுகிற புதியவர்கள் நிறைய. பல பருவங்கள் இதைக் கவனித்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். அட்டவணை நல்லது, நம்பி எடுக்கலாம். ஆனால் அதை எடுத்தவர்கள் பெரும்பாலும் தப்பான கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமைப்பு எளிமையானது. திங்களும் வெள்ளியும் ஓய்வு. செவ்வாய், புதன், வியாழன் ஓட்டம். சனிக்கிழமை லாங் ரன், அதாவது அந்த வாரத்தின் மிக நீண்ட ஓட்டம். ஞாயிறு சைக்கிள், நீச்சல், நடை என்று ஏதாவது ஒரு மாற்றுப் பயிற்சி. சென்னையில் சேர்ந்து ஓடுகிற குழுக்கள் லாங் ரன்னை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி, மாற்றுப் பயிற்சியைச் சனிக்கு வைத்துக்கொள்வது வழக்கம். அதனால் ஒன்றும் கெடுவதில்லை, மறுநாள் திங்கள் ஓய்வு என்பதால் வசதியும்கூட. மூலத்தில் தூரமெல்லாம் மைலில் இருக்கும். கிலோமீட்டருக்கு மாற்றினால் லாங் ரன் வரிசை இப்படி வரும்: 10, 11, 8, 14, 16, 11, 19, அரை மாரத்தான் (21), 16, 24, 26, 19, 29, 23, 32, 19, 13, பிறகு போட்டி. ஏறி ஏறி, நடுவே ஒரு வாரம் இறங்கும். அந்த இறக்கத்தில்தான் தசையும் தசைநாணும் எலும்பும் தேறுகின்றன. “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று அந்த 8-ஐயும் 11-ஐயும் 16 ஆக்குகிறவர்கள் பத்தாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லை என்பது கால் தயார் என்பதற்கு அடையாளம் அல்ல.

எல்லோர் கண்ணும் அந்த 32 மேல் இருக்கிறது. ஆனால் முதல் மாரத்தான் எப்படி முடியும் என்பதைத் தீர்மானிப்பது புதன்கிழமை. அட்டவணையில் செவ்வாயும் வியாழனும் 5 முதல் 8 கி.மீ.க்குள் நின்றுவிடும். புதன் மட்டும் 5-இல் தொடங்கிப் பதினைந்தாவது வாரத்தில் 16 வரை போகும். அலுவலக நாளில் வரும் 16 கி.மீ. என்பதால் முதலில் பலியாவதும் அதுதான்.

கணக்கைப் பாருங்கள். பதினைந்தாவது வாரத்தின் மொத்தம் சுமார் 64 கி.மீ., அதில் லாங் ரன் 32. சரிபாதி. புதனை விட்டுவிட்டால் மொத்தம் 48 ஆகி, லாங் ரன்னின் பங்கு மூன்றில் இரண்டாகிறது. பத்தாவது வாரத்திலும் இதே கதைதான்: 47-இல் 24 என்பது, புதன் போனால் 36-இல் 24. வாரச் சுமை முழுவதையும் ஒரே காலையில் காலில் இறக்குகிறோம். மீதி ஆறு நாள் உடம்பு அதற்குத் தயாராவதில்லை, அந்த ஒரு நாளைத் தாங்கிக்கொண்டு மட்டும் இருக்கிறது. 28-ஆவது கிலோமீட்டரில் தொடை இறுகி நடக்கிறவர்களிடம் கேட்டால், லாங் ரன் எல்லாம் சரியாகவே முடித்திருப்பார்கள். வார நாட்கள்தான் காலியாக இருக்கும்.

நிமிடத்துக்கு வந்தால், கிலோமீட்டருக்கு 8 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 16 கி.மீ. என்பது 2 மணி 8 நிமிடம். காலை 4.30-க்குக் கிளம்பினால் 6.40-க்கு வீடு. அதற்கு முந்தின இரவு ஒன்பதரைக்குப் படுத்தாக வேண்டும். வீட்டாரிடம் பயிற்சி தொடங்கும்போதே பேசி ஒப்புதல் வாங்க வேண்டியது இந்தச் செவ்வாய் இரவுக்குத்தான். முடியாத வாரத்தில் வியாழனுக்கு மாற்றலாம். அதுவும் முடியாவிட்டால் காலை 8, மாலை 8 என்று பிரிக்கலாம். அது முழுசுக்கு ஈடாகாது, ஆனாலும் விடுவதைவிட மேல். வாரத்தில் ஒரு நாளை விட்டே ஆக வேண்டும் என்றால் செவ்வாயையோ வியாழனையோ விடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு தகுதி உண்டு. முதல் வார லாங் ரன்னே 10 கி.மீ. வாரம் மூன்று நாள் 5 கி.மீ. நிற்காமல் ஓடவும், ஒரு நாள் 8 கி.மீ.யைத் தொடவும் முடியாதவர் இந்த அட்டவணையில் ஏறக் கூடாது. சோபாவிலிருந்து எழுந்து வருகிறவருக்கு அதற்கு முன் 10 முதல் 12 வாரம் வேண்டும். சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருவதால், 18 வாரம் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் முதல் வாரம். சோபாவிலிருந்து வருகிறவருக்கு ஜூன்.

வேகம்

இதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். போட்டியில் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 30 விநாடி என்று நினைக்கிறவர் (அது 5 மணி 16 நிமிடத்தில் முடியும்), லாங் ரன்னை 8.15-இலிருந்து (8 நிமிடம் 15 விநாடி) 8.30-க்குள் ஓட வேண்டும். செவ்வாயும் வியாழனும் அப்படித்தான். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே அளவு. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

சென்னையில் செப்டம்பர் விடியற்காலையிலும் 25, 26 டிகிரி இருக்கும், காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழியும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அதனால் அதே வேகத்தில் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த மாதத்தில் கிலோமீட்டருக்கு 20, 30 விநாடி கூடுவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிசம்பரில் 22 டிகிரிக்கு இறங்கும்போது, அதே உழைப்பில் வேகம் தானாக வரும். மணிக்கட்டு வாட்ச் காட்டும் துடிப்பை அப்படியே நம்பாதீர்கள். பட்டை தளர்ந்திருந்தால் அது சில நேரம் காலடி எண்ணிக்கையைத் துடிப்பாக எடுத்துக்கொள்ளும். மேம்பாலத்தின் அடியிலும் மெட்ரோ தூண்களுக்குக் கீழும் ஜிபிஎஸ் தடுமாறும்.

அட்டவணையின் மீது எங்களுக்கு ஒரு குறை உண்டு என்றால் அது 32 கி.மீ. நாள். 8.15 வேகத்தில் அது 4 மணி 24 நிமிடம். மெதுவாக ஓடுகிறவருக்கு அந்தக் கடைசி அரை மணி நேரம் கொடுக்கும் பலனைவிடக் காலில் ஏற்றும் சேதம் அதிகம், அடுத்த புதனும் போய்விடும். 8 நிமிடத்தைவிட மெதுவாக ஓடுகிறவர்கள் 29-ஐ இரண்டு முறை, பதின்மூன்றிலும் பதினைந்திலும் ஓடி, 32-ஐ விட்டுவிடலாம். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலவே பரப்பிய ஓட்டம்-நடை முறையும் இவர்களுக்குப் பொருந்தும். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே செய்ய வேண்டும். களைத்த பிறகு நடக்கத் தொடங்கினால் அது அந்த முறை ஆகாது.

மழை

அட்டவணை எழுதியவருக்கு வடகிழக்குப் பருவமழை தெரிய வாய்ப்பில்லை. அக்டோபர் மூன்றாம் வாரம் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. நமக்கு 24, 26, 29, 32 நான்கும் விழுவது சரியாக இதற்குள். மழையில் ஓடலாம். இடி மின்னலில் ஓடக் கூடாது, தேங்கிய தண்ணீரில் இறங்கவே கூடாது. மூடியில்லாத மழைநீர் வடிகாலும் மின்பெட்டிக் கசிவும் கண்ணுக்குத் தெரியாது. புயல் எச்சரிக்கை வந்த வாரத்தில் லாங் ரன்னை இரண்டு நாள் முன்னே இழுப்பதே நல்லது. பின்னே தள்ளினால் புதனோடு மோதும். ஒரு லாங் ரன் முழுசாகப் போய்விட்டால் அதை அடுத்த வாரத்தோடு கூட்டி ஈடுகட்டாதீர்கள், அடுத்த வாரக் கட்டத்தை அப்படியே ஓடுங்கள். இரண்டு வாரம் போனால் ஒரு படி பின்னே வாருங்கள். பத்தாவது வாரத்துக்குப் பிறகு மூன்று வாரம் போனால் அந்த ஆண்டு அரை மாரத்தானுக்கு மாறிவிடுவதே சரி. தீபாவளிக்கு மறுநாள் விடியலில் புகை தெருவில் தங்கியிருக்கும், அன்று ஓய்வு எடுங்கள்.

மழைக்காலத்துக்கு இரண்டு ஜோடி ஷூ கட்டாயம். 18 வாரத்தில் போட்டி நீங்கலாகவே சுமார் 700 கி.மீ. ஓடுகிறோம். ஒரு ஷூவின் ஆயுள் பொதுவாக 500-இலிருந்து 800. செப்டம்பரில் வாங்கிய ஒற்றை ஷூவோடு ஜனவரியில் நிற்பவர் அதிர்வைத் தாங்கும் நடு அட்டை செத்துப்போன ஷூவோடு நிற்கிறார். மேல்துணி புதுசாகத் தெரியும், ஏமாற வேண்டாம். ஒன்பதாவது, பத்தாவது வாரத்தில் இரண்டாவது ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால், போட்டியன்று அது 150, 200 கி.மீ. பழகியிருக்கும். பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய் வாங்குங்கள். அளவு இறுக்கமாக இருந்தால்தான் நகம் கறுக்கும். நனைந்த ஷூவில் உள்அட்டையை எடுத்துவிட்டுச் செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றி, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். வெயிலில் போட்டால் பசை விடும். பருத்திப் பனியனும் பருத்திச் சாக்ஸும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துத் தோலை அறுக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்க்காம்பில் வாசலின் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் பத்து கி.மீ.க்குள் வியர்வையோடு போய்விடுகிறது.

சாப்பாடும் தண்ணீரும்

ஓட்டத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவருக்கு 42.195 கி.மீ.க்கு சுமார் 2,700. தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து 1,600 முதல் 2,000 வரைதான். மீதியைக் கொழுப்பு கொடுக்கும், ஆனால் அது மெதுவாகத்தான் வரும். முதல் பத்து கிலோமீட்டரை வேகமாக ஓடுகிறவர் மாவுச்சத்தை முன்கூட்டியே எரித்துவிட்டு, 30-க்கு மேல் சக்தி தீர்ந்து, ஓட்டக்காரர்கள் சொல்வதுபோல் ‘சுவரில் மோதுகிறார்’.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடும்போது உறிஞ்சிக்கொள்ளும் மாவுச்சத்துப் பசையான ஜெல் பாக்கெட் ஒன்றில் 20, 25 கிராம் இருக்கும், விலையும் இருக்கும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25, சின்னப் பேரீச்சை ஒன்றில் 5, 6. பேரீச்சையைக் கொட்டை நீக்கிக் கொண்டுபோவது பயிற்சிக்குப் போதும். கடலை மிட்டாய் ஓடி முடித்த பிறகு நல்லது, ஓட்டத்தின் நடுவில் கொழுப்பும் கடிக்க வேண்டிய சிரமமும் வயிற்றைக் கெடுக்கும். முதல் கவளம் பசி வந்த பிறகு அல்ல, 40-ஆவது நிமிடத்தில். போட்டியில் எடுக்கப்போவது எதுவோ அதையே 24, 26, 29-இல் எடுத்துப் பழகுங்கள். வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும்.

தண்ணீருக்கு ஊகம் வேண்டாம், எடைக்கருவி போதும். ஓடும் முன்னும் பின்னும் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர். குடித்த தண்ணீரையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். செப்டம்பரில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பவர்கள் சாதாரணம். எடையில் 2 சதவீதம் குறைவது பரவாயில்லை. எடை கூடியிருந்தால் அது ஆபத்து: வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் சோடியம் இறங்கினால் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடியை, பாக்கெட்டில் சொன்னபடி ஒரு லிட்டரில் கரைத்துக் கொண்டுபோங்கள். இனிப்புப் பானங்களை அதற்கு மாற்றாக வாங்காதீர்கள். வீட்டில் என்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

முந்தின இரவு சோறு, ரசம், தயிர் போதும். சுண்டல், முட்டைக்கோஸ், கீரை அன்றைக்கு வேண்டாம்.

வலி

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தசை வலித்தால் ஓடலாம். ஒரு காலில் மட்டும், ஓட ஓடக் கூடி, நடையை மாற்றுகிற வலி என்றால் அங்கேயே நிற்க வேண்டும். எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி இருந்தால், விரிசலா என்று மருத்துவர் பார்க்காமல் இன்னொரு நாள்கூட ஓடாதீர்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் குதிகால் குத்துவது பாதத் திசுவின் எரிச்சல். முழங்காலின் வெளிப்பக்கம் பிடிப்பது பெரும்பாலும் ஒரே பக்கம் சரிந்த சாலை ஓரத்தில் ஓடுவதாலும் இடுப்புத் தசை பலவீனத்தாலும். வாரம் இரண்டு முறை, 15 நிமிடம், ஒற்றைக் கால் குதிகால் தூக்கல், பக்கவாட்டுப் பிளாங்க், படியேற்றம் செய்தால் இவற்றில் பாதி வராது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு லாங் ரன் போவது சிறுநீரகத்தோடு விளையாடுவது. நீர் வற்றிய உடம்பில் அது இரட்டைச் சுமை. காரணமில்லாமல் களைப்பு தொடரும் பெண்கள் இரும்புச்சத்தையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கடைசி மூன்று வாரம் தூரம் இறங்கும். கால் துருதுருக்கும், இல்லாத வலியெல்லாம் வரும். அப்போது விடுபட்டதை ஓடித் தீர்க்கப் பார்க்காதீர்கள். போட்டியன்று முதல் 5 கி.மீ.யை நினைத்த வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 10, 15 விநாடி மெதுவாக ஓடுங்கள். வளைவுகளில் விலகி ஓடுவதால் வாட்ச் 42.5 வரை காட்டும், வேகக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடந்து, ஒரு மணி நேரத்துக்குள் உப்பும் சோறும் உள்ளே போகட்டும். அடுத்து வரும் புதன்கிழமை ஓட்டம் கிடையாது, தட்டையான தெருவில் அரை மணி நேர நடை மட்டும்.