சாரத்து மடியில் ஃபீல்டுமாஸ்டர்: குமரி மாவட்டத்துக்கு ஒரு மடக்குக்கத்தி

கத்திக்குக் குமரி மாவட்டத்தில் பஞ்சமே கிடையாது. விறகுக்கும் இளநீருக்கும் வெட்டுக்கத்தி, பனைக்குப் பாளை அருவாள், ரப்பருக்குப் பால்வெட்டுக் கத்தி, அடுக்களைக்குப் பிச்சாத்தி என்று வீட்டுக்கு நாலைந்து கிடக்கும். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அறுந்த செருப்பு வாருக்கும், தோட்டத்தில் குழாய் கழன்றால் அதன் கிளிப்புக்கும் இவை எதுவும் உதவாது. கையோடு இருப்பது பெரும்பாலும் சாவிக்கொத்தும் பல்லும்தான். அந்த இடத்துக்குத்தான் விக்டரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் ஃபீல்டுமாஸ்டர் வருகிறது.

மடக்கினால் நீளம் 91 மில்லிமீட்டர், தடிமன் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், எடை சுமார் 100 கிராம். உள்ளே நாலு அடுக்கு: பெரிய அலகும் சின்ன அலகும் ஒன்றில், டப்பா திறப்பானும் பாட்டில் திறப்பானும் இன்னொன்றில், மூன்றாவதில் கத்தரிக்கோல், நாலாவதில் மர ரம்பம். முதுகுப்பக்கம் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், துளையிடும் ஊசி, ஒரு கொக்கி. சிவப்புப் பிளாஸ்டிக் பிடிக்குள் சாமணமும் பல்குத்தியும் செருகியிருக்கும். கம்பெனி 15 உபயோகம் என்று எண்ணிச் சொல்கிறது. சாவி வளையத்தையும் ஒரு கருவியாகச் சேர்த்தால் எண்ணிக்கை ஏறத்தானே செய்யும். உண்மையில் தினமும் கை போவது நாலைந்துக்குத்தான்.

இதே அளவில், இதே நாலு அடுக்கில் ஹன்ட்ஸ்மேன் என்று இன்னொன்று உண்டு. கடைகளில் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். முக்கியமான வித்தியாசம் ஒன்றுதான்: முதுகில் ஸ்டார் இருக்கிற இடத்தில் ஹன்ட்ஸ்மேனுக்குத் தக்கைத் திருகி. 1897இல் பதிவான சுவிஸ் அதிகாரிகள் கத்தியிலிருந்து தொடர்ந்து வருகிற சமாச்சாரம் அது. ஒயின் பாட்டில் திறக்கிற வீட்டுக்கு அது சரி. இங்கே ஸ்விட்ச் போர்டு, மிக்சி, ஸ்கூட்டரின் பிளாஸ்டிக் மூடி எல்லாம் ஸ்டார் திருகாணியில்தான் நிற்கின்றன. ஆகவே ஃபீல்டுமாஸ்டர். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு நஷ்டம்: தக்கைத் திருகிக்குள் செருகி வைக்கிற குட்டி ஸ்க்ரூ டிரைவரை இதில் வைக்க இடமில்லை.

அந்த ஸ்டாரிலும் குறை உண்டு. கத்தியின் நடுமுதுகிலிருந்து செங்குத்தாக எழுவதால் பிடி முழுவதும் கைப்பிடியாகி நல்ல முறுக்கு கிடைக்கும், துருப்பிடித்த திருகாணியும் அசையும். ஆனால் குழிக்குள் இறங்கியிருக்கிற திருகாணியை அது எட்டாது. பிடி சுவரில் முட்டும். அப்போது டப்பா திறப்பானின் நுனியைப் போட்டுப் பாருங்கள். மைனஸ் வடிவில் இருந்தாலும் சின்ன ஸ்டார் தலையில் அது நன்றாக உட்காரும்படிதான் செய்திருக்கிறார்கள். பாட்டில் திறப்பானின் அகலமான நுனி பெயின்ட் டப்பா மூடி நெம்பவும் பெரிய மைனஸ் திருகாணிக்கும். நெம்பும் வேலைக்கு அலகை எடுத்தால் அன்றோடு அதன் நுனி போச்சு. மின்கம்பியின் உறை சீவும் வெட்டுவாய் ஒன்றும் பாட்டில் திறப்பானில் இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மட்டும் அதைத் தொடுங்கள்: பிளாஸ்டிக் பிடி போட்டிருக்கிறதே என்று நம்ப வேண்டாம், திருகாணியும் ஆணியும் உள்தகடும் எல்லாம் உலோகம், விரலுக்கு எந்த மறைப்பும் இல்லை. டெஸ்டர் வேலையை இது செய்யாது.

இந்தக் கத்தியை வாங்க ரம்பமே போதுமான காரணம். விரல் நீளம்தான், ஆனால் கட்டைவிரல் பருமன் கம்பை அரை நிமிடத்துக்குள் அறுக்கும். மரச்சீனி (மரவள்ளி) நடுகிறவர்களுக்குச் சொல்லவேண்டியது: கம்பை 15 முதல் 20 சென்டிமீட்டர் துண்டாக்கும்போது வெட்டுக்கத்தி போட்டால் முனை சிதைந்து பட்டை பிளக்கும், பிளந்த இடம்தான் முதலில் அழுகும். ரம்பத்தில் அறுத்தால் வட்டம் சுத்தமாக விழும். அரை அங்குல பிவிசி குழாயும் அறுபடும், பிசிறை மட்டும் சின்ன அலகால் சுரண்டவேண்டும். இழுக்கும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள். ஈர மரத்தில் பல் சிக்கிய நிலையில் தள்ளினால் ரம்பம் வளையும், சில சமயம் விரல்மேல் மடங்கும். பல்லுக்குச் சாணை தேவையில்லை. யாராவது அரம் போட்டுத் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

மடங்குவது என்றதும் ஞாபகம் வைக்க வேண்டியது: இதில் எந்த அலகுக்கும் பூட்டு கிடையாது. முதுகிலுள்ள வில்தகடு அழுத்திப் பிடிக்கிறதே தவிரப் பூட்டவில்லை. குத்துகிற வேலை எதையும் அலகால் செய்யக்கூடாது. பெல்ட்டிலோ தோல் செருப்பிலோ ஓட்டை போட முதுகிலிருக்கும் ஊசி இருக்கிறது. அதன் ஒரு ஓரம் மட்டும் கூர்மை. அந்த ஓரம் முன்னே போகும் பக்கமாகத் திருகினால் தோல் சீவிக்கொண்டு இறங்கும், எதிர்ப்பக்கம் திருகினால் வெறுமனே தேய்க்கும். ஊசியின் துவாரத்தில் தங்கூசியை (மீன்பிடி நைலான் இழை) கோத்து அறுந்த வாரைத் தைக்கலாம். வீடு வந்து சேரும்வரை நிச்சயம் தாங்கும்.

கத்தரிக்கோல் சின்னது, ஆனால் விளையாட்டுச் சாமான் அல்ல. மருந்துப் பட்டை, பால் பாக்கெட், மழைக்காலத்தில் ரப்பர் மரத்துக்குக் கட்டுகிற பாலிதீன், வலைக்குப் போகிற தங்கூசி எல்லாம் வழுக்காமல் வெட்டும். தகரத்தையும் கம்பியையும் கொடுத்தால் வாய் விலகிவிடும். இதில் முதலில் சாகிற உறுப்பு அந்தக் கத்தரிக்கோலின் சின்ன வில்தான். அது தனியாகக் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய அலகு வாழையிலை நறுக்க, நேந்திரன் சீப்பை அடியிலிருந்து கழிக்க, மாங்காய் சீவ, சணல் அறுக்கப் போதும். குலையை வாழையிலிருந்து இறக்கவோ பலாச் சக்கையைப் பிளக்கவோ இதைக் கொண்டு முயலாதீர்கள். ரப்பர் பட்டையிலும் வைக்கக்கூடாது: பால்வெட்டுக் கத்தியின் வாய் மடிந்திருப்பதால்தான் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கிறது. இந்த நேரான அலகு ஒரே இழுப்பில் மரத்தின் உயிர்ப்படலம்வரை இறங்கிவிடும், அந்த இடத்தில் முண்டு முண்டாக வளரும்.

அலகின் கடினம் ராக்வெல் அளவில் 56. விலையுயர்ந்த கத்திகள் 60ஐத் தாண்டும். அவற்றைவிட இதன் கூர் சீக்கிரம் மழுங்கும் என்பது மெய்தான். ஆனால் பத்து நிமிடத்தில் திரும்ப ஏற்றிவிடலாம். நுண்கல்லில், பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்வில், இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை தேய்த்தால் போதும். தெருவில் வருகிற சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் பொறி பறக்கும், மெல்லிய வாய் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போயிருக்கும், அதன்பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

இனி இந்த ஊருக்கே உரிய மூன்று எதிரிகள்.

ஒன்று உப்பு. துருப்பிடிக்காத எஃகு என்பது துருவைத் தாமதப்படுத்துகிற எஃகு. குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ கடல் தண்ணீர் பட்ட கத்தியை அப்படியே மடக்கி வைத்தால், அலகில் குண்டூசித் தலை அளவில் கரும்புள்ளிகள் குழியாக விழும். அடுக்குகளுக்கு இடையிலுள்ள தகடுகள் அலுமினியம். எஃகும் அலுமினியமும் ஒட்டியிருக்க நடுவில் உப்புத்தண்ணீர் நின்றால் அலுமினியம்தான் கரையும். அலகு மடங்கும் கணுவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு மணல். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கும். உப்புத்தாளில் ஒட்டுகிற அதே கார்னெட். கணுவில் கரகரவென்று சத்தம் கேட்டால் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் உள்ளே அராவிக்கொண்டிருக்கிறது. முதலில் குழாயடியில் பிடித்து மணலை அடித்து வெளியேற்றுங்கள், பிறகு அசையுங்கள்.

மூன்றாவது பாலும் கறையும். ரப்பர் பால் பட்டால் பதறவேண்டாம். காயவிட்டுப் பெருவிரலால் உருட்டினால் சுருண்டு வந்துவிடும். ஈரத்தில் துடைத்தால்தான் கணுவுக்குள் போகும். சக்கைப் பிசினுக்குத் தேங்காய் எண்ணெய், அது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் பிசின் போனதும் அந்த எண்ணெயையும் சோப்புத் தண்ணீரால் கழுவி எடுத்துவிட வேண்டும். கணுவுக்குள் தங்கிய தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் காறிப் பசையாகும், தூசியைச் சேர்க்கும், கத்தி திறக்க நகம் பெயரும். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பக்கத்தில் வரக்கூடாது. பிடியின் பிளாஸ்டிக்கை அவை கரைத்து மங்கலாக்கும்.

கழுவும் முறை: எல்லா அடுக்கையும் பாதி திறந்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொன்றையும் பத்துத் தடவை திறந்து மூடவேண்டும். பல்குத்தியையும் சாமணத்தையும் முன்பே உருவி வைத்துவிடுங்கள். பிறகு உதறி, விசிறிக்கு அடியில் ஒரு ராத்திரி. காய்ந்ததும் அலகும் வில்தகடும் சேரும் ஒவ்வொரு கணுவிலும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். பழம் நறுக்குகிற கத்தி என்பதால் உணவுக்குத் தகுந்த மினரல் ஆயில் நல்லது. தையல் மெஷின் எண்ணெய் போட்டால் அலகைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டும், ஆனால் நிலைத்து நிற்கிற எண்ணெய் அல்ல. கரையோர ஊர்களில் மாதம் ஒருமுறை, இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. குலசேகரம், அருமனை பக்கம் உப்பு இல்லாவிட்டாலும் ஈரம் உண்டு. தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைத்தால் உறைதான் பூசணம் பிடித்து அந்த ஈரத்தைக் கத்திக்குக் கொடுக்கும்.

எடுத்துச் செல்வதில் 100 கிராம் ஒரு பிரச்சினைதான். பேன்டுப் பையில் தெரியாது. சட்டைப்பையில் போட்டால் குனியும்போது கிணற்றுக்குள் போகும். சாரம் (கைலி) கட்டுகிறவர்கள் மடியில் செருகினால் பத்தடிக்குள் வழுக்கும். சாவி வளையத்தில் ஒரு சாண் கயிறு கட்டி, கயிற்றை மடிச் சுருட்டோடு சேர்த்துச் சுருட்டினால் நிற்கும். அதுவும் தொந்தரவு என்பவர்களுக்கு 58 மில்லிமீட்டர் கிளாசிக் எஸ்டி இருக்கிறது. 20 கிராமைச் சற்றே தாண்டும், சாவிக்கொத்தில் தொங்கும், கத்தரிக்கோல் உண்டு, ரம்பமும் ஸ்டாரும் இல்லை.

பிளேயர் வேண்டுமென்றால் ஃபீல்டுமாஸ்டர் உதவாது. மீன் வாயிலிருந்து தூண்டில்முள் எடுக்கவும், கம்பி வளைக்கவும் லெதர்மேன் வேவ் பிளஸ் போன்றது வேண்டும். அதில் அலகுக்குப் பூட்டு உண்டு, கம்பி வெட்டும் வாயை மாற்றலாம். ஆனால் எடை 241 கிராம், விலை பல மடங்கு. மடிக்கு அது ஆகாது. பைக்கின் டேங்க் பையில் கிடக்கட்டும். அதை நம்பி ஸ்பேனரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், பிளேயரால் நட்டைத் திருகினால் மூலை உருண்டுவிடும். இதே தோற்றத்தில் பெயரில்லாமல் மலிவாக விற்கிறவற்றில் ஸ்டார் நுனி இரண்டாவது இறுக்கிய திருகாணியிலேயே மொட்டையாகும்.

போலி விக்டரினாக்ஸும் விற்பனையில் இருக்கிறது. பெரிய அலகின் அடியில் பெயர் செதுக்கியிருக்கவேண்டும், அச்சடித்திருக்கக்கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடுக்குகளுக்கு இடையே இடைவெளி தெரியக்கூடாது. மூடிய நிலையில் முதுகின் வில்தகடுகளை விரலால் தடவினால் மேடு பள்ளம் இருக்கக்கூடாது. அலகை மூடும்போது கடைசியில் டக்கென்று தானே உள்ளே இழுக்கும். பில் வாங்கி வையுங்கள். பொருளிலும் செய்முறையிலும் குறை இருந்தால் ஆயுள் முழுக்க உத்தரவாதம், ஆனால் நெம்பி ஒடித்த நுனிக்கு அது செல்லாது.

போலீஸ் பிடிக்குமா என்பது இங்கே எல்லோரும் கேட்கிற கேள்வி. ஆயுத விதிகளில் உரிமம் பற்றிய பிரிவு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றிப் பேசுகிறது; வீட்டு, விவசாய உபயோகத்துக்கான கத்திகளை அதிலும் விலக்கியிருக்கிறது. இதன் அலகு 3 அங்குலம்கூட இல்லை. அதற்காகக் கோர்ட்டுக்கும், பையைச் சோதிக்கிற கோயிலுக்கும், தேர்தல் கூட்டத்துக்கும் கொண்டுபோகவேண்டாம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடவேண்டும். கைப்பையிலோ சாவிக்கொத்திலோ இருந்தால், அது குட்டி கிளாசிக்காக இருந்தாலும், சோதனை மேஜையிலேயே விட்டுவிட்டுத்தான் ஏறவேண்டி வரும்.