பென்சிலும் லேசரும்: 3 வருடம் ஓட்டிய அனுபவம்

ப்ளைவுட்டில் மேஜை விளக்குக் கூடு செய்கிறேன். பென்சிலில் வரைந்து, ஸ்கேன் எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரையும் சாஃப்ட்வேரில் கோடாக்கி, லேசரில் வெட்டுவது. 3 வருடமாக இதே வழிதான்.

முதல் வருடம் முழுக்க, படத்தைத் தானாகவே கோடாக மாற்றித் தரும் அதன் ட்ரேஸ் பிட்மேப் வசதியை நம்பிக் கெட்டேன். ஒரே கிளிக்கில் முடிகிறதே என்று சந்தோஷம் வேறு. ஆனால் அது பென்சில் கோட்டைக் கோடாகப் பார்ப்பதில்லை, கறுப்பாக இருக்கிற ஒரு பட்டையாகப் பார்த்து அதன் இரண்டு ஓரத்தையும் வரைந்து கொடுக்கும். லேசரும் இரண்டையும் வெட்டும். இலை நரம்பு வரவேண்டிய இடத்தில் கருகிய ஈர்க்குச்சிதான் உதிர்ந்தது. இங்க்ஸ்கேப் 1.0 பதிப்பில் நடுக்கோடு எடுக்கும் வசதி வந்துவிட்டது, இருந்தாலும் கோடுகள் கூடுகிற இடத்தில் சொதப்புகிறது. இப்போது ஸ்கேனை அடியில் வைத்து, மேலே பென் டூலால் நானே இழுக்கிறேன். ட்ரேஸில் நூற்றுக்கணக்கில் புள்ளி விழுகிற வளைவுக்கு எனக்கு எட்டுப் புள்ளி போதும், மெஷினும் திக்காமல் ஓடுகிறது.

அப்புறம் அளவு. நிஜ அளவிலேயே வரைந்து, ஓரத்தில் 100 மிமீ கோடு ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஸ்கேனருக்குப் பதில் ஃபோனில் படம் எடுத்தால், கொஞ்சம் சாய்ந்தாலும் வட்டம் முட்டையாகிவிடும். இங்க்ஸ்கேப் 0.92-ல் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்பதை 96 ஆக்கினார்கள். பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தபோது அது கேட்ட கேள்வியைப் படிக்காமலே ஓகே கொடுத்தேன், 100 மிமீ கோடு 94-க்கும் கீழே வந்து நின்றது. ஒரு ஷீட் போச்சு.

பல்பு ஹோல்டர் வளையம் மட்டும் த்ரீடி பிரிண்ட். அதற்குப் போட்ட பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிவாக்கிலேயே இளகும், எல்இடி பல்புதானே என்று விட்டேன், இரண்டு மாதத்தில் வளையம் தொங்கிவிட்டது. இன்னும் சூடு தாங்கும் பெட்ஜி பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கையால் வரைவதை ஏன் விடவில்லை என்றால், ஒரு முறை பாதி இலையை வரைந்து மறுபாதியை மிரர் செய்து பார்த்தேன், சுவரில் விழுந்த நிழல் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி இருந்தது. இப்போது இரண்டு பாதியையும் வரைகிறேன்.

பெரிய விளக்கு கேட்டால் ஃபைலை அப்படியே 130 சதவீதம் இழுக்க முடியாது. ஒரு துண்டை இன்னொன்றில் செருகும் காடியும் சேர்ந்து அகலமாகும், ஷீட் அதே 3 மிமீ தானே! அதுவும் பெயருக்குத்தான் 3, வெர்னியரில் 2.7 காட்டிய ஷீட்டும் உண்டு. அதனால் பெரிய ஆர்டர் வந்தால் திரும்பவும் பென்சிலிலிருந்துதான்.