துருப்பிடித்த பழைய காரை மீட்க எந்த இடத்துக்கு எந்த முறை?

பழைய காரில் துரு வெளியே நாணய அளவு தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கும். கதவின் அடிமடிப்பு, மட்கார்டின் உள்வளைவு, தரைத்தகட்டின் ஓரம், கதவுக்குக் கீழே நீளும் பெட்டிச்சட்டம் என்று தண்ணீர் தேங்கும் இடங்களை எல்லாம் துரு உள்பக்கத்திலிருந்துதான் தின்றுகொண்டு வரும். ஆகவே எந்த முறையானாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது தகட்டின் பின்பக்கம் வரை போய்ச் சேருமா என்பதுதான். விளம்பரங்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

துருவை எடுப்பது

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பதுதான் பலரும் முதலில் செய்வது. மேல்துரு வேகமாகப் போகும். ஆனால் குழிகளுக்குள் இருக்கும் துருவைக் கம்பி எடுப்பதில்லை. அதை அழுத்தி மெருகேற்றிவிடுகிறது. பளபளக்கும் தகட்டில் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை எல்லாம் மிச்சமிருக்கும் துரு. அதன் மேல் பிரைமர் அடித்தால் கொஞ்ச காலத்தில் கொப்புளம் கிளம்பும். உப்புத்தாள் இதழ்கள் அடுக்கிய ஃப்ளாப் டிஸ்க் குழியை எடுத்துவிடும், கூடவே நல்ல இரும்பையும் எடுத்துவிடும். தகட்டின் மொத்தக் கனமே 0.8 முதல் 1 மி.மீ. வரைதான் என்பதை மறக்கக் கூடாது.

குழிவிழுந்த தகட்டுக்கு, காற்றழுத்தத்தில் துகளைப் பீய்ச்சி அடிக்கும் சாண்ட் பிளாஸ்டிங்கை மிஞ்ச ஒன்றுமில்லை. குழியின் அடிவரை சாம்பல்நிற வெற்று இரும்பைக் காட்டும், பிரைமர் பற்றிக்கொள்ளத் தேவையான சொரசொரப்பையும் தரும். ஆனால் பானெட், கூரை, கதவின் நடுப்பகுதி போன்ற அகலமான தகடுகளில் நேராகப் பிடித்து அடித்தால் மேற்பரப்பு நீண்டு, தகடு அலையாக வளைந்துவிடும். அந்த வளைவை டிங்கரிங்கில் நேராக்குவது பெரும்பாடு. அந்த இடங்களுக்கு நுண்ணிய துகள், குறைந்த அழுத்தம், சாய்ந்த கோணம் வேண்டும். இல்லையென்றால் கெமிக்கல் ரிமூவர் போட்டுப் பெயின்டை உரித்துவிட்டு, துருவுள்ள இடத்தை மட்டும் பிளாஸ்ட் செய்வது நல்லது. ஆற்று மணல் கூடவே கூடாது. அதன் சிலிகா தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். கார்னெட் அல்லது அலுமினியம் ஆக்சைடு பயன்படுத்துங்கள். பிளாஸ்ட் செய்த தகட்டை வெறுங்கையால் தொடாமல் அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஈரமான காற்றில் சில மணி நேரத்திலேயே ஆரஞ்சுப் படலம் வந்துவிடும்.

கழற்றி எடுக்கக்கூடிய சிறு பாகங்களுக்கு ஊறவைக்கும் முறைகள்தான் சரி. மின்பகுப்பில் 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 50 கிராம் சலவை சோடா போதும். 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவைப் பாகத்திலும், பாசிட்டிவைப் பழைய இரும்புத் தகட்டிலும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பாகம்தான் கரையும். பாசிட்டிவுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். தகட்டுக்கு நேர்எதிரே உள்ள பக்கமே நன்றாகச் சுத்தமாகும் என்பதால் பாகத்தைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டியிருக்கும். அமிலத்தில் தோய்ப்பது இதைவிட வேகமானது. ஆனால் ஸ்பிரிங், உயர்வலு போல்ட் இரண்டையும் அமிலத்திலும் போடாதீர்கள், மின்பகுப்பிலும் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவற்றை நொறுங்கவைக்கும். இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் பிணைத்து எடுக்கும் கரைசல்கள் கடையில் கிடைக்கின்றன. மெதுவாக வேலை செய்தாலும் பூட்டு, கீல், சின்னச்சின்ன கிளிப்புகளுக்கு அவைதான் பாதுகாப்பு.

கருப்பாக மாற்றும் துரு கன்வெர்ட்டரைப் பொறுத்தவரை எங்கள் கருத்து கறாரானது. மெல்லிய, இறுகப் பிடித்த துருவில் அது வேலை செய்யும். செதில் செதிலான துருவில் மேல்தோலை மட்டும் மாற்றும், இரட்டைத் தகட்டு மடிப்புக்குள் போகவே போகாது. பிளாஸ்டிங் எட்டாத சேசிஸ் மூலைகளில் பயன்படுத்தலாம். வெளித்தெரியும் பெயின்டுக்கு அடியில் வேண்டாம்.

ஓட்டை விழுந்த இடம்

கூர்முனைக் கம்பியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகடு போய்விட்டது. ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து மூடுவது ஒரு நாள் வேலை. பின்பக்கத் துரு தொடர்ந்து தின்னும், ஒட்டும் விளிம்பே துருவாகிக் கழன்று வரும். சீட், பெல்ட், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களில் அது ஆபத்தும்கூட. துருவைத் தாண்டி 1 முதல் 2 செ.மீ. நல்ல தகடு வரை வெட்டி, அதே கனத்தில் புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்வதே சரி.

வயர் தானாக ஓடிவந்து உருகும் மிக் வெல்டிங், 0.6 மி.மீ. வயருடன், பெரும்பாலானவர்களுக்குக் கைவரும். புள்ளி புள்ளியாக, எதிரெதிர் ஓரங்களில் மாறி மாறி வைக்க வேண்டும். ஒரு புள்ளி கையால் தொடும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் பக்கத்துப் புள்ளி. தொடர்ச்சியாக இழுத்தால் தகடு சுருங்கிக் குழிந்துவிடும். வெளித்தகட்டில் விளிம்போடு விளிம்பு சேருங்கள். மேலே ஏற்றி ஒட்டினால் அந்த இடுக்கில் தண்ணீர் நிற்கும். தரைத்தகட்டில் மட்டும், இருபுறமும் சீலர் போடுவதானால், ஏற்றி ஒட்டுவதை ஏற்கலாம்.

எட்ச் பிரைமரா, எபாக்சியா?

வெற்று இரும்புக்கு எட்ச் பிரைமர் மெல்லிய அமிலப் படலம். வேகமாகக் காயும், நன்றாகக் கவ்வும். ஆனால் ஈரத்தைத் தடுக்காது, அதன் மேல் நேரடியாகப் பட்டி வைக்கவும் முடியாது. அமிலம் பட்டியின் ஹார்டனரை, அதாவது இறுகவைக்கும் கலவையை, கெடுக்கும். ஹார்டனர் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் ஈரத்தைத் தடுக்கும், பட்டியையும் தாங்கும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலைக்கு அதுதான் பொருத்தம். இரண்டு கோட் அடித்து, டப்பாவில் சொன்ன இடைவெளி தாண்டிவிட்டால் தேய்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். குளிரில் எபாக்சி இறுகாது. துருநீக்கும் பாஸ்பாரிக் அமிலத்தைச் சரியாகக் கழுவாத தகட்டில் அது உரிந்து வரும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. பல எபாக்சிகள் எட்ச் மேல் நிற்காது.

பட்டி 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஹார்டனர் எடையில் 2 சதவீதம் போதும். கூடினால் அதன் நிறம் மேல் பெயின்டில் கறையாகக் கசியும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

மேல் பெயின்ட்

முதலில் பழைய பெயின்ட் எது என்று பாருங்கள். துணியில் தின்னர் நனைத்துத் தேய்த்தால் நிறம் ஒட்டி வந்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்), சுருங்கினால் எனாமல், அசையாவிட்டால் பெரும்பாலும் 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கும் இருகலவைப் பெயின்ட்). எனாமல் மேல் என்.சி. அடித்தால் அதன் வலுவான தின்னர் அடிப்பூச்சைக் கிளப்பிச் சுருட்டிவிடும்.

1920களிலேயே வந்த என்.சி. லாக்கர் அந்தக் காலத்து மென்மையான மினுமினுப்பைத் தரும். கீறலைத் தேய்த்து, அதே இடத்தில் அடித்துச் சேர்த்துவிடலாம். ஆனால் 6 முதல் 8 கோட் வேண்டும், மழைக்காலத்தில் வெள்ளையாகப் பனிக்கும், கனம் கூடினால் வெடிக்கும், பெட்ரோல் சிந்தினால் கெடும். கூரைக்குள் நிற்கும் காட்சிக் காருக்குப் பொருந்தும். எனாமல் எளிது. ஆனால் மெதுவாகக் காய்வதால் தூசி ஒட்டும். முதல் சில மணி நேரத்துக்குள் அடுத்த கோட் அடியுங்கள், அல்லது முழுதாக இறுக நாள்கணக்கில் விடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் சுருக்கம் விழும்.

ஓட்டப்போகும் காருக்கு, ஒற்றை நிறமானால், மேலே தனிக் கிளியர் தேவைப்படாத 2கே பெயின்ட்தான் எங்கள் தேர்வு. பெட்ரோலையும் வெயிலையும் தாங்கும், தேய்த்து மெருகேற்றலாம். மெட்டாலிக் நிறமானால் நிறம் தரும் பேஸ் கோட்டும் அதன்மேல் நிறமற்ற கிளியரும் தவிர வழியில்லை. 2கே ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வெளிக்காற்றுக் குழாய் இணைத்த முகமூடி இல்லாமல் இதை அடிக்கவே கூடாது. அந்த வசதி இல்லாவிட்டால் மேல் பெயின்டை மட்டும் பூத் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) உள்ள பட்டறையில் கொடுங்கள்.

பெயின்ட் இறுகிய பின் கதவுக்குள்ளும் பெட்டிச்சட்டத்துக்குள்ளும் நீண்ட குழாய் முனையால், துருவைத் தடுக்கும் மெழுகான கேவிட்டி வாக்ஸ் செலுத்துங்கள். வெல்டிங்கில் பின்பக்கப் பிரைமர் கருகியிருக்கும், அங்கே வேறு எதுவும் போய்ச் சேராது. வாக்ஸ் வடிந்ததும் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.