பென்சிலில் கிறுக்கின மாதிரி இருப்பதுதான் வசதி: எட்டு வருஷ வயர்ஃப்ரேம் அனுபவம்

2017-இல் பால்சமிக் வாங்கினேன், வயர்ஃப்ரேம் போடுகிற மென்பொருள். வயர்ஃப்ரேம் என்றால் வெப்சைட்டில் எது எங்கே வரும் என்பதைக் கலர் இல்லாமல் கோடும் கட்டமுமாகக் காட்டுகிற பிளான். அப்போது ஒரே தடவை காசு கட்டினால் போதும் என்கிற டெஸ்க்டாப் பதிப்பு இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. மதுரை அண்ணா நகரில் மொட்டை மாடி அறைதான் ஆபீஸ், பராமரிப்பு மின்தடை என்று காலை ஒன்பது மணிக்குப் போகிற கரண்ட் சாயங்காலம்தான் வரும், அன்றைக்கு மோடமும் படுத்துவிடும், நெட் இல்லாமல் லேப்டாப்பில் ஓடுகிற ஒன்று வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் எப்படி வேலை பார்த்தோம் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும். ஒரு டியூஷன் சென்டர் வெப்சைட்டுக்கு நேரே போட்டோஷாப்பில் உட்கார்ந்து மூன்று வாரம் முகப்புப் பக்கத்தை இழைத்தேன். காட்டினால், மூன்று சந்திப்பிலும் பச்சை வேண்டாம், நீலம் போடுங்க, லோகோவைப் பெருசாக்குங்க என்று இதே பேச்சு. கோடிங் எல்லாம் முடிந்த பிறகு, "ஹாஸ்டலுக்கும் இதுலயே பணம் கட்டுற மாதிரி இருக்கும்ல?" என்று கேட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன? கலரைக் காட்டினால் கலரைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இத்தாலியில் போலோக்னாவைச் சேர்ந்த பெல்டி குய்லிஸோனி என்பவர் 2008-இல் தொடங்கினது பால்சமிக். பட்டன், கட்டம், மெனு எல்லாமே கையால் கிறுக்கின மாதிரி கோணல்மாணலாக வரும். இன்னும் முடியவில்லை என்பது பார்த்ததுமே தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நேர்கோடாக வேண்டும் என்றால் மாற்றிக்கொள்ளலாம், நான் மாற்றுவதில்லை. வேகமும் நன்றாக இருக்கும். ஸ்லாஷ் கீயைத் தட்டி, வேண்டியதன் பெயரில் நாலு எழுத்து அடித்து என்டர் தட்டினால் பட்டனோ டேபிளோ வந்து உட்காரும். கை பழகிவிட்டால் ஒரு பக்கம் போட கால் மணி நேரம் கூட ஆகாது. அதனாலேயே அழிக்கும்போது மனசு வலிக்காது, இதுதான் எனக்கு முக்கியம்.

இதன் அருமை எனக்குச் சரியாகப் புரிந்தது, விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்கு வெப்சைட் போட்டபோது. பத்துப் பக்கத்தை ஏ-நாலு தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன் (கடைக்காரர்களிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டாதீர்கள், தாளைக் கொடுங்கள், பென்சிலையும் கொடுங்கள்). முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன தம்பி, பூராம் கருப்பு வெள்ளையா இருக்கு? சுங்குடிக்குக் கலர்தானே உசுரு?"

"இது பிளான் மட்டும்தான்ணே, கலரெல்லாம் கடைசியிலதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரே, "முடிச்சுப் போட்டு வச்ச துணியப் பார்த்தா எவனும் கந்தல்னுதான் சொல்லுவான். சாயத்துல முக்கி, முடிச்ச அவுத்தாத்தான் புள்ளி தெரியும். அப்படித்தானே?" என்றார். அப்படியேதான். வயர்ஃப்ரேமுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, மற்ற கடைகளிலும் இதையே சொல்லி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு பென்சில் அவர் கையில்தான். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டை எல்லாப் பக்கத்திலும் உச்சியில் போட வேண்டும் என்று ஒரு பெரிய வட்டம் போட்டார். விலைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வாங்குகிறவர் கண்ணில் படும் என்றேன். வட்டத்தை அழித்துவிட்டுக் கீழே சின்னதாகப் போட்டார். போட்டோஷாப் காலத்தில் இதற்கு ஒரு வாரம் போயிருக்கும்.

ஆனால் என் தப்பு ஒன்றும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. கடை வெப்சைட் என்றதும் ரெடிமேடாகக் கிடைக்கிற துண்டுகளை அப்படியே இழுத்துப் போட்டிருந்தேன்: இடது பக்கம் வடிகட்டுகிற பட்டியல், அதில் பிராண்ட், சைஸ், நட்சத்திர மதிப்பு. கடையில் போன் ஆர்டர் எடுப்பது முதலாளியின் மருமகள். தாளை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "சேலைக்கு ஏதுண்ணா சைஸு? போன்ல கேக்குறது மூணே மூணுதான். கை முடிச்சா மெழுகு பிரிண்டா, ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா, சாயம் போகுமா."

அந்த மூன்றும்தான் இப்போது அந்த வெப்சைட்டின் நடு முதுகெலும்பு. முதல் இரண்டும் வடிகட்டியாகிவிட்டன, சாயம் பற்றின பதில் ஒவ்வொரு சேலைக்கும் கீழே, எப்படித் துவைக்க வேண்டும் என்பதோடு. மென்பொருள் தருகிற ரெடிமேட் துண்டுகள் எல்லாம் வேறு எந்த ஊர்க் கடைக்கோ தைத்தவை, நம்ம கடைக்கு அளவு எடுக்காமல் மாட்டினால் இப்படித்தான் தொங்கும்.

அடுத்தது தமிழ். இதில்தான் நான் ரொம்ப நாள் அடிபட்டேன். 'லோரம் இப்சம்' என்கிற அர்த்தமில்லாத மாதிரி வாசகத்தை நிரப்பி வைத்தால் எல்லாமே கட்டத்துக்குள் அழகாக உட்காரும். ஹோம், ஷாப், அபவுட், கான்டாக்ட் என்று ஆங்கிலத்தில் போட்டால் 360 பிக்சல் அகல போனில் ஒரே வரியில் அடங்கும். 'முகப்பு, சேலைகள், எங்களைப் பற்றி, தொடர்புக்கு' என்று போட்டுப் பாருங்கள், ரெண்டாவது வரிக்கு ஓடும். 'தனியுரிமைக் கொள்கை'யை எந்தப் பட்டனுக்குள் அடைப்பீர்கள்? வரி இடைவெளியும் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் மேல் வரி 'கூ'வின் வாலும் கீழ் வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும். அதனால் இப்போதெல்லாம் முதல் நாளே கடைக்காரரிடம் நிஜ வாசகங்களை வாங்கி அதையேதான் வயர்ஃப்ரேமில் போடுகிறேன். எழுதித் தராவிட்டால் அவர் பேசுவதை போனில் பதிவு செய்து நானே அடித்துக்கொள்கிறேன்.

பால்சமிக்கின் கிறுக்கல் எழுத்துருவில் தமிழ் கிடையாது, ஆங்கிலத்துக்கான லத்தீனும் ரஷ்ய மொழிக்கான சிரிலிக்கும்தான். கம்ப்யூட்டரில் இருக்கிற தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் வேலை நடக்கும். ஆனால் சுற்றிலும் கோணல் கோடு, நடுவில் அச்சடித்த மாதிரி நேரான தமிழ். கிறுக்கல் தோற்றத்தின் பாதிப் பலன் அங்கேயே போய்விடுகிறது.

ஃபிக்மா என்கிற டிசைன் மென்பொருள் பற்றிக் கேட்பீர்கள். அதுவும் வைத்திருக்கிறேன். 2020-க்குப் பிறகு சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உட்கார்ந்திருக்கிற ஆட்களோடு ஒரே பக்கத்தில் வேலை பார்க்க அதுதான் தோது, பிரவுசரிலேயே ஓடும், கிளிக் செய்தால் அடுத்த பக்கம் போகிற மாதிரி காட்டலாம். குறை மென்பொருளிடம் இல்லை, என் கையில். வயர்ஃப்ரேம் என்று திறந்தால் பத்து நிமிஷத்தில் நிழல் வைக்கிறேன், மூலையை வளைக்கிறேன், பழைய போட்டோஷாப் வியாதி திரும்பிவிடுகிறது. ஆகவே பக்கங்கள் எல்லாம் தாளில் முடிவான பிறகுதான் அதைத் திறப்பது என்று வைத்திருக்கிறேன்.

2022-இல் ஃபிக்மாவை போட்டோஷாப் கம்பெனியான அடோபி 2,000 கோடி டாலருக்கு வாங்கப் போகிறது என்று செய்தி வந்தபோது கொஞ்சம் பதறினேன், 2023 டிசம்பரில் அந்தப் பேச்சே கைவிடப்பட்டது. பதறியதற்குக் காரணம் உண்டு. நடுவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு ஆன்லைன் கருவியில் (பெயர் வேண்டாம்) ஒரு வருஷ வேலையைப் போட்டு வைத்தேன். கடையை மூடுகிறோம் என்று ஒரு மெயில் அனுப்பியிருந்தார்கள், அது ஸ்பேமில் கிடந்தது. நான் பார்த்தபோது எதுவும் மிச்சமில்லை. அன்றிலிருந்து எந்தக் கருவியாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் பிடிஎஃப் எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடுவேன்.

இப்போதைக்கு தெற்கு மாசி வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு வேலை ஓடுகிறது, சித்திரைத் திருவிழாவுக்குள் வேண்டுமாம். பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்குக் காலையில் போக வேண்டும். கிறுக்கின மாதிரி இருக்கிற தமிழ் யூனிகோடு எழுத்துரு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.