ஸ்பிதி மலைத்தடத்தில் கூட்டமாக மூன்று முறை: தாரோடு நாலு வருட அனுபவம்

2021 தொடக்கத்தில் மஹிந்திரா தார் ஜீப், டீசல் மேனுவல் எடுத்தேன். ஓடோமீட்டர் இப்போது 68,000 கி.மீ.யைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி கோயம்புத்தூர், பொள்ளாச்சி, வால்பாறை என்று வழக்கமான ஓட்டம்தான். ஆனாலும் வண்டி எப்படி என்று யாராவது கேட்டால், எனக்கு உடனே நினைவுக்கு வருவது இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கு. நண்பர்களோடு 2022 ஜூலை, 2023 செப்டம்பர், 2024 செப்டம்பர் என மூன்று முறை போய்வந்தோம். முதல் முறை மூன்று வண்டிகள், கடைசி முறை ஐந்து.

தார் அந்த மலைக்கு ஏற்ற வண்டி. 226 மி.மீ. தரை இடைவெளி, 650 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் இறங்கும் திறன், ஃபோர் லோ (நான்கு சக்கரமும் இழுக்க, மெதுவாக அதிக விசையோடு ஓடும் கியர்), 57 லிட்டர் டேங்க் எல்லாம் அங்கே உண்மையிலேயே கைகொடுத்தன. ஆனால் கூட்டமாகப் போகும்போது இதையெல்லாம் மட்டும் நம்பித் திட்டம் போட முடியாது. கூட்டத்திலேயே பலம் குறைந்த வண்டி எது, மலையோடையில் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும், இந்த இரண்டையும் வைத்துத்தான் போட வேண்டும். இது புரிய எங்களுக்கு ஒரு முழுப் பயணம் ஆனது.

எந்தப் பக்கமிருந்து ஏறுவது என்பதுதான் முதல் கேள்வி. மணாலியில் தங்கி, அடல் சுரங்கம் வழியாக அன்றைக்கே சந்திரதால் ஏரிக்குப் போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர், சந்திரதால் சுமார் 4,250 மீட்டர். ஒரே பகலில் இவ்வளவு ஏறினால் இரவு யாருக்காவது தலைவலியும் வாந்தியும் வருவது கிட்டத்தட்ட நிச்சயம். ஐந்து வண்டியில் பதினான்கு பேர் என்றால் கேட்கவே வேண்டாம். நாங்கள் சிம்லா பக்கமிருந்து ஏறுகிறோம். நார்கண்டா, கல்பா, நாகோ, தாபோ, காஸா என்று ஒவ்வோர் இரவும் ஓர் ஊர். காஸாவில் இரண்டு இரவுகள். அதற்குப் பிறகுதான் குன்ஸும் கணவாய், சந்திரதால், கடைசியாகப் பாதல், சத்ரு வழியாக மணாலி. இதற்கு நான்கு நாள் கூடுதலாக ஆகும். அந்த நான்கு நாளில் உடம்பு உயரத்துக்குப் பழகிவிடும், கடினமான தடத்தைத் தெம்போடு ஓட்டலாம். தாபோவில் கி.பி. 996இல் கட்டிய மண் மடாலயத்தை நின்று நிதானமாகப் பார்க்கவும் முடிகிறது. இதற்காகவே சிம்லா வழியில் போகலாம் என்பேன்.

கோவையிலிருந்து சண்டிகரே கிட்டத்தட்ட 2,800 கி.மீ. வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள் இல்லையென்றால் வர வேண்டாம் என்று இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலை ஏறும் முன் ஒரு நாள் முழு ஓய்வு.

அப்புறம் அந்த ஓடை.

2022 ஜூலையில் எங்களிடம் இரண்டு தார், கூடவே ஒரு நண்பரின் எஸ்.யு.வி., நான்கில் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் வகை. காஸா வரை அந்த வண்டியும் ஒரு குறையுமில்லாமல் வந்தது. சந்திரதாலில் காலையில் படம் எடுத்து, சாப்பிட்டு, கிளம்பும்போது மணி பதினொன்று. பாதலுக்கும் சத்ருவுக்கும் நடுவில் சாலையின் குறுக்கே ஓடும் ஓர் ஓடையை அடைந்தபோது மதியம் இரண்டரை. இந்த ஓடைகள் மேலேயுள்ள பனி உருகி வருபவை. விடியற்காலையில் கணுக்கால் அளவு இருக்கும் தண்ணீர், வெயில் ஏற ஏற மதியத்துக்குமேல் முழங்காலைத் தாண்டும். பால்சாம்பல் நிறத்தில் வருவதால் அடி தெரியாது. கரையில் நின்றால் தண்ணீருக்கு அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் சத்தம் கேட்கும். கடகடவென்று, யாரோ மூட்டையில் தேங்காய் கொட்டுவதுபோல. கையை விட்டுப் பார்த்தேன். பத்து நொடியில் விரல்கள் மரத்துப்போயின.

என் தார் ஃபோர் லோவில் முதல் கியரில் கடந்துவிட்டது. இரண்டாவதாக வந்த எஸ்.யு.வி. நடு ஓடையில் ஒரு கல்லில் முட்டி நின்றது. "மாப்ள, சக்கரம் சும்மா சுத்துது. தண்ணி கதவுக்கு வந்துருச்சு" என்று வாக்கிடாக்கியில் குரல். கயிறு தயார், நானும் தயார். மாட்டுவதற்குக் கொக்கி இல்லை! அந்த மாதிரி வண்டிகளில் இழுக்கும் கொக்கி தனியாகக் கருவிப்பையில் இருக்கும், பம்பரில் ஒரு மூடியைக் கழற்றித் திருகி மாட்ட வேண்டும். கருவிப்பையோ டிக்கியின் அடித்தட்டில், ஆறு பெட்டிகளுக்குக் கீழே. பின்கதவு வழியாக ஒவ்வொரு பெட்டியாகக் கைமாற்றி அதை எடுக்க நாற்பது நிமிடம். அதற்குள் தண்ணீர் இன்னும் நாலு விரல் ஏறிவிட்டது. திருகு கொக்கி வெடுக்கென்று இழுத்தால் தாங்காது. கயிறு விறைக்கும்வரை நகர்ந்து, பிறகு ஒரே சீராக மெதுவாக இழுத்தேன். வண்டி வந்துவிட்டது. நண்பரின் கை நடுக்கம் மட்டும் சத்ருவில் இரண்டாவது டீ வரை நிற்கவில்லை.

எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த உள்ளூர் லாரி ஓட்டுநர் இறங்கிவந்து கயிறு மாட்ட உதவினார். போகும்முன் ஒரு வித்தையும் காட்டினார். தண்ணீரின் விளிம்பில் ஒரு கல்லை வைத்தார். பத்து நிமிடம் கழித்துப் பார்க்கச் சொன்னார். கல் மூழ்கியிருந்தால் ஓடை ஏறுகிறது, தண்ணீர் கல்லைவிட்டுத் தள்ளிப்போயிருந்தால் இறங்குகிறது. அன்று அந்தக் கல் காணாமலே போயிருந்தது. அந்த மனிதருக்கு நான் பட்ட கடன் பெரியது.

2023இலும் முதலில் ஜூலைக்குத்தான் தேதி குறித்தோம். அந்த மாத இரண்டாம் வாரம் இமாச்சலத்தில் கொட்டிய மழையில் சாலைகள் அறுந்து, சந்திரதாலில் மட்டும் கிட்டத்தட்ட முந்நூறு பேர் சிக்கிக்கொண்டார்கள். விடுமுறை எல்லாம் எடுத்தாயிற்று, போய்ப் பார்க்கலாம் என்று இருவர் சொன்னார்கள். நான் மறுத்தேன், சண்டையும் வந்தது. செப்டம்பர் நடுவில் போனோம். மழை விட்டிருந்தது, ஓடைகள் இளைத்திருந்தன, இரவில் மட்டும் நல்ல குளிர். குன்ஸும் கணவாய் அக்டோபர் நடுப்பகுதிக்குமேல் எப்போது வேண்டுமானாலும் மூடலாம், அதனால் செப்டம்பருக்குமேல் தள்ளவும் கூடாது.

நாலு வருடத்தில் உண்மையிலேயே உழைத்த பொருட்களைச் சொல்கிறேன். வாக்கிடாக்கி முதலிடம். காஸாவை விட்டால் மணாலி பக்கம் வரும்வரை போனை நம்ப முடியாது. உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் வகையைத்தான் வாங்க வேண்டும். மலை மறைத்தால் எட்டாது என்றாலும் வண்டிகளுக்கு நடுவே போதும். சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம், யார் கொடுத்தாலும் எடுத்துப்போகாதீர்கள். அடுத்தது காற்று மீட்டரும் கம்ப்ரஸரும். கல்தடத்தில் டயர் காற்றழுத்தத்தை 32இலிருந்து 24 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் இடுப்பு வலி பாதியாகிறது, பிடிப்பும் கூடுகிறது. தார்ச்சாலை வந்ததும் திரும்ப ஏற்றியாக வேண்டும். முதலில் வாங்கிய மலிவான கம்ப்ரஸர் மூன்றாவது டயரிலேயே புகைந்துவிட்டது. இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். சிக்கிய வண்டியை இழுக்க நீளும் கயிறு, அதைக் கொக்கியில் மாட்டும் துணி ஷேக்கிள் (இணைப்பு வளையம்) இரண்டும் வண்டிக்கு ஒரு செட். கூரையில் மாட்டிய விளக்குப்பட்டையை ஒருமுறைகூடப் போடவில்லை. இருட்டில் அந்தத் தடத்தில் ஓட்டுவதே கிடையாது என்று முடிவெடுத்தபின் அது எதற்கு? கழற்றிவிட்டேன்.

டீசல், பெட்ரோல் கணக்கு கூட்டத்தில் சிறிய டேங்க்குக்குத்தான். கடைசி இரண்டு பயணங்களில் ஒரு மாருதி ஜிம்னி வந்தது. அதற்கு 40 லிட்டர். காஸாவில் நிரப்பினால் மணாலிக்கு இரண்டு நாள், சுமார் 200 கி.மீ.தான் வரும். ஆனால் ஃபோர் லோவில் ஊர்ந்து போகும்போது மைலேஜ் ஊரில் கிடைப்பதில் பாதிகூட வராது. நடுவில் பங்க் எதுவும் இல்லை. காஸாவில் எல்லா டேங்க்கும் நிரம்பாமல் யாரும் கிளம்பக் கூடாது. இன்னொன்று, குன்ஸும் உயரத்தில் கடல்மட்டக் காற்றில் 60 சதவீதம்கூட இருக்காது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாத ஜிம்னி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அதை இரண்டாவது இடத்தில் வைத்து, அதன் வேகத்துக்கே எல்லோரும் ஓட்டினோம். இரண்டு தார்களில் ஒன்று முதலில், ஒன்று கடைசியில். பின்வண்டி கண்ணாடியில் தெரியாவிட்டால் முன்வண்டி நிற்க வேண்டும். இந்த ஒரு விதியால் மூன்றாவது பயணத்தில் யாரும் வழி தவறவில்லை.

2024 செப்டம்பரில் சந்திரதால் கூடாரத்திலிருந்து அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. எல்லா வண்டியிலும் இழுக்கும் கொக்கியை முந்தின நாள் இரவே மாட்டியாயிற்று. அதே ஓடைக்கு வரும்போது மணி ஏழரை. கம்பு ஊன்றி நடந்து பார்த்தேன், தண்ணீர் கெண்டைக்காலுக்குக் கீழே. கற்கள் உருளும் சத்தம் இல்லை. இருந்தாலும் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் நின்றோம். கல் வைத்த இடத்திலேயே உலர்ந்து இருந்தது. ஒவ்வொன்றாக ஐந்து வண்டியும் கடக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்பது மணிக்கு சத்ருவில் எல்லோரும் ஆலு பராத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.