பிபிசி பைட்சைஸ்: கடைசி மாதத்துக்கு அல்ல, முதல் மாதத்துக்கு

இங்கிலாந்தில் பதினாறு வயதளவில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு எதை வாங்கிக் கொடுக்கலாம் என்று செப்டெம்பர் மாதத்தில் எம்மவர் வீடுகளில் எழும் கேள்விக்கு, எதையும் வாங்குவதற்கு முன்னர் பிபிசியின் கல்வி இணையத்தளமான பைட்சைஸை ஒழுங்காகப் பயன்படுத்திப் பாருங்கள் என்பதே எனது பதில். பிரித்தானியாவில் இருந்து பார்ப்பவர்களுக்கு அதில் கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. கணக்குத் திறக்காமலேயே பாடங்களை வாசிக்கலாம். 1998 இல் பரீட்சைக்கான மீட்டல் சேவையாகவே அது தொடங்கப்பட்டது. அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதால், பெரும்பாலான பிள்ளைகள் பரீட்சை நடக்கும் பதினோராம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் பதற்றத்துடன்தான் அதைத் திறக்கிறார்கள். பத்தாம் ஆண்டில் படிக்கும் என் மகளுடன் இருந்து அதைப் பாடவாரியாகப் பார்த்துவந்ததில், கடைசி மாதத்தைவிடப் படிப்பின் முதல் மாதங்களுக்கே அது நன்றாகப் பொருந்துகிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

காரணத்தைச் சொல்வதற்கு முன், இந்தப் பரீட்சையின் அமைப்பைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. நாங்கள் ஊரில் எழுதிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை ஒரே திணைக்களம் ஒரே பாடத்திட்டத்தில் நாடு முழுவதற்கும் நடத்தியது. இங்கிலாந்தில் அப்படியில்லை. ஏக்யூஏ, பியர்சன் எடெக்செல், ஓசிஆர், எடுகாஸ் என்று பல பரீட்சைச் சபைகள் இருக்கின்றன. ஒரே பாடசாலை கணிதத்துக்கு ஒரு சபையையும் ஆங்கில இலக்கியத்துக்கு இன்னொரு சபையையும் தெரிவுசெய்திருக்கலாம். அடிப்படைப் பாடப்பரப்பு பெரும்பாலும் ஒன்றாக இருந்தாலும், எந்த அலகு எந்த வினாத்தாளில் வரும், எந்தக் கவிதைத் தொகுப்பைப் படிக்கவேண்டும், கேள்வியை எந்த வடிவத்தில் கேட்பார்கள் என்பவை சபைக்குச் சபை மாறும். பைட்சைஸின் முதல் நன்மை இங்கேதான் தெரிகிறது. பாடத்தைத் தெரிவுசெய்ததும் பல பாடங்களில் அது சபை எது என்று கேட்கிறது. ஏக்யூஏயைத் தெரிவுசெய்தவருக்கு ஏக்யூஏயின் ஒழுங்கிலேயே அலகுகள் வரிசையாக வருகின்றன. அந்த இடத்தில் கவனமில்லாமல் எதையாவது அழுத்திவிட்டுப் போகும் பிள்ளை, தன் பரீட்சையில் வராத பகுதியையும் மினக்கெட்டுப் படிக்கநேரும். ஒவ்வொரு பாடத்துக்கும் எந்தச் சபை என்று பிள்ளையிடம் கேட்டால், தெரியாது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பாடசாலையின் இணையத்தளத்தில் பாடத்தெரிவுக் கையேட்டைப் பார்த்தோ ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியோ அறிந்துகொண்டு, ஒரு தாளில் எழுதிப் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவிடுவது பெற்றோர் முதல் வாரத்தில் செய்யக்கூடிய உருப்படியான வேலை. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இருப்போருக்குத் தனித்தனிப் பகுதிகள் தளத்தில் உண்டு; ஸ்கொட்லாந்தில் ஜிசிஎஸ்இயே இல்லை என்பதால் அங்குள்ளவர்களுக்கு இந்த மதிப்புரையின் பெரும்பகுதி பொருந்தாது.

நான் அதிகம் பார்த்தது விஞ்ஞானம். ஏக்யூஏயின் உயிரியலில் முதலாவது வினாத்தாள் உயிர்க்கலம், உடலின் ஒழுங்கமைப்பு, தொற்றுநோயும் எதிர்வினையும், உயிர்ச்சக்தி என்ற அலகுகளிலிருந்து வருகிறது. பல பாடசாலைகள் அந்த ஒழுங்கிலேயே கற்பிப்பதால், பத்தாம் ஆண்டின் செப்டெம்பரில் படித்த உயிர்க்கலப் பாடத்தைப் பதினோராம் ஆண்டின் மே மாதத்தில், ஏறத்தாழ இருபது மாதங்களுக்குப் பிறகு, பரீட்சை மண்டபத்தில் நினைவுகூர வேண்டியிருக்கும். வகுப்பில் விளங்காமல் போன ஒரு பாடம் அத்தனை காலம் விளங்காமலே கிடப்பதற்கும், அந்த வாரமே தீர்ந்துபோவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறியதல்ல. பைட்சைஸில் ஒவ்வொரு தலைப்பும் சிறு சிறு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பக்கத்தில் ஒரு கருத்து, அதற்கு ஒரு படம், சில இடங்களில் குறுங்காணொளி, முடிவில் பல்தேர்வு வினாக்கள் என்ற அமைப்பு, பாடசாலையால் களைத்து வந்த பிள்ளைக்கும் தாங்கக்கூடியதாக இருக்கிறது. அடிப்படை நிலை, உயர்நிலை என்ற இருவகை வினாத்தாள்களில் உயர்நிலைக்கு மட்டும் உரிய பகுதிகள் அவ்வாறே குறிக்கப்பட்டிருப்பதும் பயனுள்ளது. எழுத்தின் நடை எளிமையானது. ஆனால் பாடச்சொற்களைத் தவிர்த்துவிடும் எளிமை அல்ல.

குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பிரசாரணம் பற்றிய பக்கத்தை வாசித்துவிட்டு மகள் வினாக்களைச் செய்தாள், எல்லாம் சரி. பிறகு, உப்புக் கரைசலில் இட்ட உருளைக்கிழங்குத் துண்டின் திணிவு ஏன் குறைந்தது என்று நான்கு வரியில் எழுதித் தரச் சொன்னேன். ‘தண்ணீர் வெளியே போய்விட்டது’ என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள். விடை பிழையல்ல, ஆனால் அதற்குப் புள்ளி அதிகம் கிடைக்காது. நீர் பிரசாரணத்தினால் அசைகிறது என்பதையும், ஐதான கரைசலிலிருந்து செறிவான கரைசலை நோக்கி அசைகிறது என்பதையும், பகுதியாக ஊடுபுகவிடும் மென்சவ்வினூடாக அசைகிறது என்பதையும் வெவ்வேறாக எழுதினால்தான் புள்ளித்திட்டம் அவற்றுக்குப் புள்ளி தரும். நான்கு விடைகளில் சரியானதை அடையாளம் காண்பது வேறு, வெறுந்தாளில் விடையை உருவாக்குவது வேறு. பைட்சைஸின் வினாக்கள் முதலாவதைத்தான் பெரும்பாலும் சோதிக்கின்றன. மாதிரி வினாக்கள் சில பாடங்களில் இருந்தாலும் எழுதிப் பழகுவதற்கு அவை போதாது. முழு மதிப்பெண் கிடைத்த மகிழ்ச்சியில் பிள்ளை அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதே இந்தத் தளத்தின் பெரிய ஆபத்து என்று சொல்வேன். உருளைக்கிழங்குக் கேள்வியைப் போன்ற செய்முறை தொடர்பான கேள்விகளுக்கு விஞ்ஞானத்தில் குறைந்தது 15 வீதப் புள்ளிகள் உண்டு என்பதால், இந்தக் குறையைச் சிறிதென்று ஒதுக்க முடியாது.

இதற்கு மருந்து எளிது, அதுவும் இலவசம்தான். பைட்சைஸில் ஒரு தலைப்பை வாசித்து முடித்ததும், அந்தந்தப் பரீட்சைச் சபையின் இணையத்தளத்திலுள்ள பழைய வினாத்தாள் ஒன்றிலிருந்து அதே தலைப்பில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக் கையால் எழுதச் செய்து, சபையே வெளியிடும் புள்ளித்திட்டத்தை வைத்துப் பிள்ளையையே திருத்தச் சொல்லலாம். நாங்கள் திருத்தினால் அது குற்றம் கண்டுபிடிப்பதாகப் போய்விடுகிறது. பதினான்கு வயதில் அதைத் தாங்கும் பிள்ளைகள் குறைவு. தானே திருத்தும்போது, விவரிக்கச் சொன்ன கேள்விக்கும் விளக்கச் சொன்ன கேள்விக்கும் வேறு வேறு விடை எதிர்பார்க்கப்படுகிறது என்பது பிள்ளைக்குத் தானாகவே பிடிபடத் தொடங்குகிறது.

கணிதத்தைப் பொறுத்தவரை என் மதிப்பீடு சற்றுக் குறைவு. விளக்கங்களும் செய்துகாட்டிய உதாரணங்களும் தெளிவாகவே உள்ளன. ஆனால் கணிதம் வாசித்து வருவதல்ல. அட்சரகணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்கு ஒரே வகைக் கணக்கில் இருபது முப்பது தேவை. அதற்குப் பாடசாலை தரும் பயிற்சித் தாள்களும் பயிற்சிப் புத்தகமுமே சரி. கணிதத்தில் பெற்றோர் அறியவேண்டியது இன்னொன்றும் உண்டு. தரங்கள் 9 முதல் 1 வரை, 9 தான் அதியுயர்ந்தது; அடிப்படை நிலை வினாத்தாளில் பெறக்கூடிய உச்சத் தரம் 5 மாத்திரமே. 6 அல்லது அதற்கு மேல் வேண்டுமானால் உயர்நிலை வினாத்தாளில்தான் தோற்றவேண்டும். உயர்தரத்தில் கணிதம் படிக்க விரும்பும் பிள்ளை எந்தப் பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பத்தாம் ஆண்டின் முதலாவது பெற்றோர் சந்திப்பிலேயே ஆசிரியரிடம் கேட்டுவிடுவது நல்லது. இதை எந்தத் தளமும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

ஆங்கில இலக்கியத்தில் நூல்வாரியாகக் கதைச்சுருக்கம், பாத்திரங்கள், கருப்பொருள்கள், மொழிநடை என்று பிரித்துத் தந்திருக்கிறார்கள். பரீட்சைக்கு நூலைக் கொண்டுபோக முடியாது. மேற்கோள்களை மனத்தில் வைத்திருக்கவேண்டும். அந்த நோக்கத்துக்குப் பக்கங்கள் உதவுகின்றன. ஆனாலும் மூலநூலை வாசிக்காமல் இந்தச் சுருக்கத்தோடு நின்றுவிடும் சோம்பலை அவை ஊக்குவிக்கவும் கூடும். வரலாற்றில் ஒவ்வொரு சபையும் பல தெரிவுகளைத் தருவதால், பாடசாலை எடுத்துள்ள அலகு அங்கே இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பிரெஞ்சு, ஸ்பானிய, ஜேர்மன் மொழிகளுக்கான புதிய பாடத்திட்டம் 2024 செப்டெம்பரில் கற்பிக்கத் தொடங்கப்பட்டு, அதன் முதற் பரீட்சை 2026 கோடைக்கு உரியதாக அமைந்தது. மூத்த பிள்ளையின் பழைய கொப்பிகளையும் புத்தகங்களையும் இளையவருக்குக் கொடுக்க எண்ணியிருப்பவர்கள் இந்தப் பாடங்களில் அதைச் செய்யாதிருக்கலாம். பிபிசியின் ஒலிச் செயலியான பிபிசி சவுண்ட்ஸில் வரும் பைட்சைஸ் ஒலித்தொடர்களை மகள் பேருந்தில் கேட்கிறாள். படிப்பதாக அவள் அதை எண்ணுவதில்லை, நானும் அந்த எண்ணத்தைக் கெடுக்கவில்லை.

இனி, இந்தத் தளத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசாத ஒரு பயன். ஊரில் தமிழ் மொழிமூலம் படித்துவந்த எம்மில் பலர், இங்கே பிள்ளையின் பாடத்தில் கைவைக்கத் தயங்குகிறோம். பாடம் எமக்குத் தெரியாததால் அல்ல. அதை அவர்கள் எந்த ஒழுங்கில், எவ்வளவு ஆழமாக, எந்தச் சொற்களில் படிக்கிறார்கள் என்பது தெரியாததால்தான் அந்தத் தயக்கம். பைட்சைஸின் ஒரு பக்கத்தை வேலை முடிந்து வந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் வாசித்துவிடலாம். வாசித்துவிட்டு, தொடர் சுற்றிலும் சமாந்தரச் சுற்றிலும் மின்னோட்டம் எப்படி வேறுபடுகிறது என்று எனக்கு ஒருமுறை சொல்லித் தா என்று கேட்டால், பிள்ளை கதைக்கத் தொடங்குகிறது. ‘படித்தாயா?’ என்ற கேள்விக்கு ‘ஓம்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்த பெற்றோரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, பிள்ளைக்கு எவ்வளவு பயனோ அவ்வளவு பயன் பெற்றோருக்கும் இதில் உண்டு என்று மதிப்பிடுகிறேன்.

சனிக்கிழமை ரியூஷனுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல ஆசிரியர் ஒருவர் பிள்ளை எழுதியதை வாசித்துப் பிழையைச் சுட்டிக்காட்டுவதற்கு எந்த இணையத்தளமும் ஈடாகாது. ஆனால் நாங்கள் சில காலம் அனுப்பிய ஒரு நிலையத்தில், வெவ்வேறு சபைகளின் கீழ் படிக்கும் பிள்ளைகளை ஒரே அறையில் இருத்தி ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்தார்கள். எழுதியவை திருத்தப்படாமலே திரும்பி வந்தன. அப்படியான வகுப்புக்குக் காசும் கொடுத்து சனிக்கிழமையையும் இழப்பதைவிட, பைட்சைஸும் பழைய வினாத்தாளும் பாடசாலை ஆசிரியரிடம் கேட்கும் ஒரு கேள்வியும் எவ்வளவோ மேல். ஓர் இடத்தில் சேர்ப்பதானால், எந்தச் சபையின் பாடத்திட்டத்தில் கற்பிக்கிறீர்கள், எழுதியதைத் திருத்தித் தருவீர்களா என்ற இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கைத்தொலைபேசியில் இதைப் படிக்கவிடுவது பற்றி எனக்குத் திருப்தியில்லை. தளம் கைத்தொலைபேசியில் நன்றாகவே இயங்குகிறது, தளத்தில் பிழையில்லை. ஆனால் அடுத்த கணமே வந்து விழும் நண்பர்களின் செய்திகளோடு போட்டிபோட எந்தப் பாடத்தாலும் முடியாது. மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனாவும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். வாரத்தில் எத்தனை மணித்தியாலம் என்று முதல் பருவத்திலேயே கடுமையான நேரசூசி போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. வகுப்பில் அந்த வாரம் விளங்காமல் போனது எது என்பதை ஞாயிற்றுக்கிழமை கேட்டு, அந்த ஒரு தலைப்பை மட்டும் பார்ப்பதே எங்கள் வீட்டில் நிலைத்து நிற்கிறது.

பழைய வினாத்தாள்கள் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. 9 முதல் 1 வரையான இன்றைய தரமுறையில் ஆங்கிலமும் கணிதமும் முதன்முதலாக 2017 இலும், விஞ்ஞானம் 2018 இலும்தான் நடத்தப்பட்டன. பெருந்தொற்றினால் 2020, 2021 கோடைப் பரீட்சைகள் நடைபெறவில்லை. ஆகவே இப்போதைய பாடத்திட்டத்துக்குரிய முழு வினாத்தாள்கள் எண்ணற்றவை அல்ல. பாடசாலைகளும் மாதிரிப் பரீட்சைக்கு அவற்றிலிருந்தே எடுப்பதுண்டு. பத்தாம் ஆண்டில் தனித்தனிக் கேள்விகளுக்குப் பழைய ஆண்டுகளின் வினாத்தாள்களை மட்டும் பயன்படுத்தி, அண்மைய ஆண்டுகளுடையவற்றைப் பதினோராம் ஆண்டின் குளிர்காலத்துக்காகப் பிரிக்காமல் வைத்திருங்கள்.