நியூயார்க் முதல் பயணம்: காசைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா?

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு ஒரே விஷயம்தான். "அப்பா அம்மா வர்றாங்க, நியூயார்க் காட்டணும், எங்க தங்க வைக்கிறது?" ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஜெர்சி சிட்டியில் குடியிருப்பதால் ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்த அனுபவம் நிறைய. அதில் எனக்கென்று ஒரு கணக்கு உருவாகிவிட்டது. எந்த இரண்டை ஒப்பிட்டாலும் டாலரைப் பிறகுதான் பார்ப்பேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கால் என்ன நிலையில் இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. நியூயார்க்கின் மையமான மன்ஹாட்டனில் தெற்கு வடக்காக இருபது தெரு நடந்தால் ஒரு மைல். மேப்பில் "பக்கத்துலதான" என்று தோன்றுகிற இடம் அறுபது வயதுக்காரருக்குப் பக்கத்தில் இல்லை.

எங்கே தங்குவது?

நியூஜெர்சியின் எடிசனில் சித்தப்பா வீடு இருக்கும். நம்மில் பாதிப் பேருக்கு இருக்கும். வாடகை கிடையாது, ரசம் சாதம் உண்டு. ஆனால் மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷனுக்கு ரயிலில் மட்டும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குக் காரில் யாராவது கொண்டுபோய் விட வேண்டும், ராத்திரி வந்து அழைத்துப் போக வேண்டும். சித்தப்பா மூன்றாம் நாளே ஆபீஸில் மீட்டிங் என்பார். ஒரு நாள் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறீர்கள் என்றால் எடிசன் சரி. நாலு நாள் என்றால் தினமும் மூன்று மணி நேரம் பாதையிலேயே போய்விடும்.

இதற்கு நேர் எதிர், டைம்ஸ் ஸ்கொயர் பக்கத்து ஹோட்டல். அறையை விட்டு இறங்கினாலே வெளிச்சமும் கூட்டமும். அறை தீப்பெட்டி. காட்டுகிற வாடகைக்கு மேல் ஏறத்தாழ 15 சதவீத வரி, அதற்கும் மேலே ராத்திரிக்கு மூன்றரை டாலர் என்று தனியாக ஒன்று. மத்தியானம் வந்து ஒரு மணி நேரம் படுத்து எழுந்து மறுபடி கிளம்பலாம் என்பது மட்டும்தான் இதன் உண்மையான லாபம். வயதானவர்களுக்கு அது சின்ன லாபமில்லை.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவை ஜெர்சி சிட்டியின் ஜர்னல் ஸ்கொயரும், மன்ஹாட்டனுக்குக் கிழக்கே குயின்ஸில் இருக்கும் லாங் ஐலண்ட் சிட்டியும். ஜர்னல் ஸ்கொயர் எங்கள் பேட்டை. நியூவர்க் அவென்யூவில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, கறிவேப்பிலைக்குக் கவலையில்லை. ஆற்றுக்கு அடியில் போகும் பாத் ரயில் இருபது நிமிஷச் சொச்சத்தில் மன்ஹாட்டனின் 33-ஆம் தெருவில் இறக்கிவிடும். குறை என்னவென்றால் பாத் வேறு, சப்வே என்கிற நியூயார்க்கின் மெட்ரோ ரயில் வேறு. இறங்கி மாறினால் மறுபடி முழு டிக்கெட்.

என் பேட்டையை விட்டுக்கொடுத்துச் சொல்கிறேன், முதல் முறை வருகிறவர்களுக்கு லாங் ஐலண்ட் சிட்டிதான் என் ஓட்டு. குயின்ஸ் பிளாசா ஸ்டேஷனிலிருந்து ஈ ரயில், பக்கத்திலேயே குயின்ஸ்போரோ பிளாசாவிலிருந்து 7-ஆம் எண் ரயில். 7-ல் ஒரு பக்கம் ஏறினால் கிராண்ட் சென்ட்ரல், டைம்ஸ் ஸ்கொயர். மறுபக்கம் ஏறினால் ஃபிளஷிங் பிள்ளையார் கோயில். கென்னடி விமான நிலையத்துக்குப் போகவும் அதே ஈ ரயில்தான். தெருவுக்கு அழகு கிடையாது, சுற்றிலும் கட்டட வேலை. படுக்கப் போகிற இடத்துக்கு அழகு எதற்கு?

ஏர்பிஎன்பியில் முழு வீடு எடுக்கலாமே என்று மருமகள் சொல்வாள். 2023 செப்டம்பரிலிருந்து நியூயார்க்கில் அது நடக்காது. முப்பது நாளுக்குக் குறைந்த வாடகை என்றால் வீட்டுக்காரர் பதிவு செய்திருக்க வேண்டும், கூடவே தங்கவும் வேண்டும், விருந்தாளிகள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. யாராவது மலிவாக முழு வீடு தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள்.

கென்னடியிலிருந்து ஊருக்குள்

டாக்ஸி மன்ஹாட்டனுக்கு 70 டாலர் நிலையான கட்டணம். டோல், கூட்ட நேரக் கூடுதல், டிப்ஸ் எல்லாம் சேர்ந்தால் நூறை நெருங்கும். விமான நிலையத்து ஏர்டிரெயினில் ஜமைக்கா ஸ்டேஷன் வந்து ஈ ரயில் பிடித்தால் தலைக்குப் பன்னிரண்டு டாலருக்குள் முடிந்துவிடும். ஜமைக்காவிலேயே லாங் ஐலண்ட் ரயில் ரோடு என்று இன்னொன்று உண்டு; நேரத்தைப் பொறுத்து சப்வேயைவிட இரண்டிலிருந்து நாலு டாலர் கூட, ஆனால் இருபது நிமிஷத்தை ஒட்டி பென் ஸ்டேஷனிலோ கிராண்ட் சென்ட்ரலிலோ இறங்கலாம், உட்கார இடமும் பெரும்பாலும் கிடைக்கும். மன்ஹாட்டனுக்குள் தங்குகிறவர்களுக்கு அதுதான் சரியான நடுவழி.

இத்தனையும் கைப்பையோடு வருகிறவர்களுக்கு. தலைக்கு இரண்டு இருபத்து மூன்று கிலோ பெட்டி, அதில் ஒன்றில் ஊறுகாய் என்றால் பேசாமல் டாக்ஸி பிடியுங்கள். சப்வேயில் லிஃப்ட் இல்லாத ஸ்டேஷன்கள் ஏராளம். 1904-ல் தொடங்கிய ரயில். அதன் படிக்கட்டுகளுக்கும் அந்த வயது தெரியும். வருகைப் பகுதியில் "டாக்ஸி வேணுமா" என்று கிட்டே வந்து கேட்பவரோடு போகாதீர்கள். வெளியே மஞ்சள் டாக்ஸிக்கு வரிசை இருக்கும், அங்கே நில்லுங்கள்.

சப்வேக்கு இப்போது கட்டணம் 3 டாலர். பழைய மெட்ரோகார்டு விற்பனை 2025-ஓடு முடிந்துவிட்டது; கிரெடிட் கார்டையோ போனையோ கதவில் தட்டினால் போதும். ஒரே கார்டைத் தொடர்ந்து தட்டினால் ஏழு நாளில் 35 டாலருக்கு மேல் பிடிக்காது. இந்தச் சலுகை கார்டுக்கு ஒன்று என்பதால் ஆளுக்கொரு கார்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வங்கி ஆப்பைத் திறந்து, வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிக் கட்டும் வசதியையும் போட்டுவிட வேண்டும். நம்மூர்க் கார்டுகளில் இரண்டும் பொதுவாக மூடித்தான் இருக்கும். இங்கே கதவு முன்னால் நின்று ஓடிபி தேட முடியாது.

எக்ஸ்பிரஸா, லோக்கலா? வேகமாகப் போவதுதானே நல்லது என்று நானும் நினைத்தவன்தான். மாமனாரை இயற்கை வரலாற்று மியூசியத்துக்குக் கூட்டிப்போன நாள். 59-ஆம் தெருவில் நின்ற ஏ ரயிலில் ஏறிவிட்டோம். மியூசியம் 81-ல். ரயில் 72-ஐத் தாண்டியது, 81-ஐத் தாண்டியது, 96-ம் ஜன்னலில் மின்னி மறைந்தது. "மாப்ளே, நிக்கவே மாட்டேங்குதே?" என்றார். அந்த எக்ஸ்பிரஸ் 59-ஐ விட்டால் 125-ல்தான் நிற்கும், ஹார்லெம். திரும்பி வர இன்னொரு அரை மணி. புதிதாக வந்தவர்கள் லோக்கலிலேயே போங்கள், ஐந்து நிமிஷம் கூடப் போனால் போகட்டும். சில ஸ்டேஷன்களில் அப்டவுனுக்கு (வடக்கே) ஒரு வாசல், டவுன்டவுனுக்கு (தெற்கே) எதிர்ச் சாரியில் வேறு வாசல். தவறி நுழைந்தால் வெளியே வந்து, ரோட்டைக் கடந்து, மறுபடி 3 டாலர். பலகையைப் படித்த பிறகே கார்டைத் தட்டுங்கள்.

சிலைக்கு இரண்டு படகு

சுதந்திர தேவி சிலையில் எல்லாரும் குழம்புவார்கள். மன்ஹாட்டனின் தென்கோடியில் பேட்டரி பார்க்கிலிருந்து கிளம்பும் ஸ்டாச்சூ சிட்டி குரூசஸ் மட்டும்தான் தீவில் இறக்கிவிடும். பக்கத்துத் துறையிலிருந்து போகும் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி 1997 முதல் இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். சிலைக்கு அருகே போகும், நிற்காது.

காசு கொடுத்த படகு என்றால் விமான நிலையம் மாதிரி சோதனை, வரிசை, தீவில் நடை, மறுபடி வரிசை, அதன் பிறகு எல்லிஸ் தீவு. அரை நாளுக்கு மேல் ஆகிவிடும். கிரீடம் வரை ஏற முன்பதிவு வேண்டும், பீடத்திலிருந்து 162 படி, ஒடுங்கிய சுருள் படிக்கட்டு. மூட்டு வலி உள்ளவர்கள் அதை நினைக்கவே வேண்டாம். ஆனால் இந்த டிக்கெட்டில் உண்மையான சரக்கு எல்லிஸ் தீவுதான் என்பேன். 1892-லிருந்து 1954 வரை ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அந்தக் கட்டடம் வழியாக இந்த நாட்டுக்குள் வந்தார்கள். என் மாமியார் அந்தப் பெரிய ஹாலின் பெஞ்சில் உட்கார்ந்து, "இவங்களுக்கும் நம்ம மாதிரி விசா கவலைதானா?" என்றார். சிலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பொறுமை இல்லாதவர்களுக்கு, குழந்தைகள் உள்ளவர்களுக்கு, இலவசப் படகு தாராளம். போகும்போது வலது பக்கம் நில்லுங்கள். இருபத்தைந்து நிமிஷம். அக்கரையில் எல்லாரும் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கிச் சுற்றி வந்து அடுத்த படகில் ஏறிக்கொள்ளலாம். இருட்டும் நேரத்துப் படகில் திரும்பினால் மன்ஹாட்டன் முழுக்க விளக்கேற்றிக்கொண்டு எதிரே வரும்.

பார்க்கைச் சுற்றிக் கழுத்தில் அட்டை தொங்கவிட்டு, பனியன் மாதிரி ஜாக்கெட் போட்டவர்கள் மடக்குவார்கள். என் நண்பன் ஒருவன் அவர்களிடம் இரண்டு டிக்கெட் வாங்கி, சிலையைத் தூரத்தில் வட்டமடித்துத் திரும்பும் ஏதோ ஒரு படகில் போய் வந்தான். இலவச ஃபெர்ரிக்கே டிக்கெட் விற்கிற ஆட்களும் உண்டு. டிக்கெட்டை வீட்டிலேயே இணையத்தில் வாங்கிவிடுங்கள்.

உயரம் எது? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒன்றில் ஏறினால் போதும். எம்பயர் ஸ்டேட் கட்டடத்து உச்சியில் நின்றால் எம்பயர் ஸ்டேட் தெரியாது. அதைப் படத்தில் வைக்க வேண்டுமானால் ராக்ஃபெல்லர் சென்டரின் 70-ஆவது மாடி. வடக்கே சென்ட்ரல் பார்க்கும் முழுசாக விரியும். "எம்பயர் ஸ்டேட்டுல ஏறினேன்" என்று ஊரில் சொல்ல வேண்டும் என்றால் அது வேறு கணக்கு, ஏறிவிடுங்கள்.

மியூசியத்தில் மெட்டா (மெட்ரோபாலிட்டன்), மோமாவா (நவீன கலை மியூசியம்) என்றால் இரண்டுக்கும் தலைக்கு 30 டாலர். "விரும்பியதைக் கொடு" என்கிற மெட்டின் சலுகை நியூயார்க் மாநிலத்தில் குடியிருப்போருக்கும், அந்த மாநிலத்திலும் நியூஜெர்சி, கனெக்டிகட்டிலும் படிக்கும் மாணவர்களுக்கும்தான். நானே முழுசாகக் கட்டுகிறேன். நம்மவர்களுக்கு மெட். தெற்காசியக் கூடத்தில் சோழர் காலத்துப் பார்வதி நிற்கிறாள். யசோதை மடியில் கிருஷ்ணன் பால் குடிக்கும் செப்புச் சிலை ஒன்றும் உண்டு. புதன்கிழமை விடுமுறை, வெள்ளி சனி ராத்திரி ஒன்பது வரை.

சாப்பாட்டுக்கு லெக்சிங்டன் அவென்யூவில் 26-ஆம் தெருவிலிருந்து மேலே நடந்தால் தோசைக்கடைகள். உட்கார்ந்து சாப்பிட்டால் ஒன்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வரி, அதற்கு மேல் டிப்ஸ் பதினெட்டிலிருந்து இருபது. பதினைந்து டாலர் தோசை பத்தொன்பது ஆகிவிடும். ஃபிளஷிங் கோயிலின் கீழ்த்தளத்து கேன்டீனில் பரிமாற ஆள் இல்லை, டிப்ஸும் இல்லை. காசு கட்டி, நம்பர் கூப்பிட்டதும் தட்டை நாமே எடுத்துவர வேண்டும். 7-ல் கடைசி ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து பவுன் ஸ்ட்ரீட்டுக்கு ஏறத்தாழ ஒரு மைல் நடை. சில சனி ஞாயிறுகளில் தண்டவாள வேலைக்காக 7-ஐ நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் போனில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றி விடுவார்கள்.